கைப்பேசிக் களமும் நம் பிள்ளைகளின் நாவும்

(நமது ஜமாஅத்தின் பெற்றோர் – மாணவர் சந்திப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

பள்ளித் தேர்ச்சி குறித்தும் மேற்படிப்பு குறித்தும் இங்கே விரிவாகப் பேசப்பட்டது. நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று வேறானது. தொண்டாமுத்தூர்ப் பேருந்து நிறுத்தத்திலும் நரசீபுரம் சாலையோரத் திண்ணைகளிலும் மாலை வேளையில் நான்கைந்து இளைஞர்கள் தலைகுனிந்து அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "பின்னாடி ஆள் இருக்கான்", "நான் நாக் ஆயிட்டேன், எழுப்பி விடு மச்சான்", "ஸோன் வருது, ஓடியா" என்று அவர்கள் கூவுவதை நம்மில் பலரும் கேட்டிருப்போம். அருகில் யாரும் விழுந்து கிடப்பதில்லை; ஓடுவோரும் இல்லை. கடந்து செல்லும் பெரியவர்கள் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுகின்றனர்.

அந்தச் சொற்களின் பொருள் என்ன, அவை எதைக் காட்டுகின்றன, அவற்றோடு சேர்ந்து வேறு எவையெல்லாம் நம் வீட்டுக்குள் நுழைகின்றன என்பதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம். இவ்வாட்டங்கள் ஆகுமானவையா, ஆகாதவையா என்ற மார்க்கத் தீர்ப்பைக் கூறுவது ஆலிம்களின் பணி. அதில் நாம் தலையிடவில்லை.

ஆட்டத்தின் வரலாறு

2000ஆம் ஆண்டில் ஜப்பானில் 'பேட்டில் ராயல்' என்றொரு திரைப்படம் வெளிவந்தது. பள்ளி மாணவர்களை ஒரு தீவில் இறக்கிவிட்டு, கடைசி ஒருவர் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லச் செய்வதே அதன் கதை. அதிலிருந்து தூண்டுதல் பெற்ற அயர்லாந்து நாட்டவரான பிரெண்டன் கிரீன், தென்கொரிய நிறுவனமொன்றுடன் இணைந்து 2017இல் கணினிக்காக உருவாக்கிய ஆட்டமே பப்ஜி. 2018 மார்ச்சில் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் அதனைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. 100 பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கின்றனர். வெறுங்கையுடன் இறங்கி, ஆளில்லாத வீடுகளில் கிடக்கும் ஆயுதங்களைத் திரட்டுகின்றனர். களத்தைச் சுற்றியுள்ள வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. வட்டத்திற்கு வெளியே நின்றால் உயிர் குறையும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஒருவரோ, நால்வர் கொண்ட ஓர் அணியோ மட்டும் எஞ்சும்.

இதே அச்சில் வந்த மற்றொன்று, சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் வெளியிட்ட ஃப்ரீ ஃபயர். அதில் ஆட்கள் ஏறத்தாழ 50 பேர். நேரமும் பத்து நிமிட அளவே. விலை குறைந்த கைப்பேசியிலும் அது ஓடியதால் சிற்றூர்ப் பிள்ளைகளிடம் விரைந்து பரவியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் படிப்பதற்கென்று கைப்பேசி வீடுதோறும் பிள்ளைகளின் கைக்குச் சென்றபோது, ஆட்டமும் உடன் சென்றது.

பறியும் காரையும் நாக்கும்

நமது தமிழ் இலக்கணம் 'குழூஉக்குறி' என்று ஒன்றைக் கூறுகிறது. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கும்படி வழங்கும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் பள்ளியில் படித்த எடுத்துக்காட்டுகள். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கைகளைச் சேர்த்து, விரல்களாலேயே விலை பேசும் தரகர்களின் குறிமொழியையும் நம் பகுதியினர் அறிவர். எனவே, இளைஞர்கள் தமக்கென ஒரு மொழி வைத்திருப்பது குற்றமும் அன்று, புதுமையும் அன்று.

அம்மொழியில் சில சொற்களைப் பார்ப்போம். புதிதாக வந்தவன், ஆடத் தெரியாதவன் 'நூப்'. கணினியே இயக்கும் போலி ஆள் 'பாட்'. மந்தமாக ஆடும் நண்பனையும் ஏளனமாக அப்படி அழைப்பதுண்டு. வெளியே வராமல் ஒரு வீட்டுக்குள் பதுங்கியிருந்து சுடுபவன் 'கேம்பர்'. துணிந்து எதிரியின் மீது பாய்வது 'ரஷ்'. அணியில் மற்ற மூவரும் வீழ்ந்தபின் தனியொருவனாக நின்று வெல்வது 'க்ளட்ச்'. பப்ஜியில் வெற்றி 'சிக்கன் டின்னர்'. ஃப்ரீ ஃபயரில் 'பூயா'. ஆட்டம் முடிந்தபின் எதிரியைப் பாராட்டி 'ஜிஜி' என்பதும் உண்டு. 'நல்ல ஆட்டம்' என்பதன் சுருக்கம் அது.

வீடுகளில் கிடக்கும் பொருளைத் திரட்டுவதற்கு 'லூட்' என்று பெயர். நம் ஜமாஅத்தில் உருது பேசும் குடும்பத்தார் இச்சொல்லைக் கேட்டவுடன் அடையாளம் கண்டிருப்பர். கொள்ளை என்று பொருள்படும் அச்சொல் கம்பெனி ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. இப்போது ஆட்டத்தின் வழியாக நம் தெருவுக்கே திரும்பி வந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு: 'நாக்', 'ரிவைவ்'. அணியாக ஆடும்போது குண்டடிபட்டவன் உடனே இறப்பதில்லை. தவழ்ந்துகொண்டிருப்பான். அதுவே நாக். தோழன் ஒருவன் ஓடிவந்து, அவனருகே சில நொடிகள் அசையாமல் அமர்ந்து எழுப்பிவிட்டால் அவன் பிழைப்பான், இல்லையேல் மடிவான். எழுப்பும் அந்தச் சில நொடிகளில் தோழனால் சுட இயலாது, அவனே இலக்காகிவிடலாம். ஆயினும் ஓடி வருகிறான்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் அங்கே எதைத் தேடிச் செல்கிறார்கள் என்ற கேள்விக்கு இச்சொல்லே பெரும்பகுதி விடை. துப்பாக்கியின் கவர்ச்சி உண்டு; மறுக்கவில்லை. ஆனால், பெயர் சொல்லி அழைக்க மூவர் இருக்கிறார்கள், விழுந்தால் தூக்க வருகிறார்கள், 'க்ளட்ச்' செய்தால் மெச்சுகிறார்கள் என்பது அதனினும் பெரிய ஈர்ப்பு. வளைகுடா நாட்டில் பணிபுரியும் அண்ணனும் இங்கே பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பியும் ஒரே அணியில் ஆடிக்கொண்டு, அதன் நடுவே வீட்டுச் செய்தியும் பேசிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த ஒரு பிள்ளைக்கு, நாள் முழுவதும் கிடைக்காத பாராட்டு இரவு ஒன்பது மணிக்கு அந்தத் திரையில் கிடைக்கிறது. இதனை உணராமல் கைப்பேசியைப் பிடுங்கினால், ஒரு கருவியைப் பிடுங்குவதாக நாம் எண்ணுவோம். மூன்று நண்பர்களைப் பிடுங்கியதாக அவன் எண்ணுவான்.

தடைகளின் கதை

"அரசு தடை செய்துவிட்டால் போதுமே" என்று கூறுவோர் உள்ளனர். தடைகள் பல வந்தன. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் பப்ஜி ஆடத் தடை விதிக்கப்பட்டு, ஆடிய மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். அதே ஆண்டு ஏப்ரலில் இராக் நாடாளுமன்றம் தடைத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜூன் மாதம் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாண உலமா மன்றம் ஆகாது என ஃபத்வா வழங்கியது. 2020 ஜூலையில் பாகிஸ்தான் தடுத்தது. அம்மாத இறுதியிலேயே தடை விலகியது.

நம் நாட்டில் 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ், நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும் கருதி எடுக்கப்பட்ட முடிவு அது. பிள்ளைகளின் படிப்பையோ உறக்கத்தையோ கருதி எடுக்கப்பட்டதன்று. ஆகவேதான் 2021 ஜூலை 2 அன்று, தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனமே நேரடியாக நடத்தும் பி.ஜி.எம்.ஐ. என்னும் இந்தியப் பதிப்பாக அதே ஆட்டம் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. ஆனால் அதன் மற்றொரு பதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தடைப்பட்டியலில் இல்லை. 2022 ஜூலை 28 அன்று பி.ஜி.எம்.ஐ.யும் நீக்கப்பட்டது, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையே தடை செய்தது. போட்டியாக ஆடும் மின்விளையாட்டை அது ஊக்குவிக்க வேண்டிய துறையாகவே பிரித்து வைத்தது.

ஆக, அரசு ஒவ்வொரு முறையும் தனக்குரிய காரணத்திற்காகக் கதவை மூடுகிறது, திறக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறான் என்பது அக்கதவைச் சார்ந்ததாக இருக்கலாகாது.

நாவின் ஆபத்து

குழூஉக்குறியைத் தகுதி வழக்கு என்ற தலைப்பில் வைத்த அதே இலக்கணம், அதன் அருகிலேயே 'இடக்கரடக்கல்' என்பதையும் வைத்தது. அவையில் சொல்லத் தகாததை நேராகச் சொல்லாமல் மறைத்து, நயமாகக் கூறுவது இடக்கரடக்கல். மலம் கழித்து வருவதைக் 'கால் கழுவி வந்தேன்' என்று நம் முன்னோர் கூறியது அதனால்தான். குழுவாகப் பேசவும் வேண்டும். கூசாமல் பேசவும் கூடாது என்பது தமிழ் வகுத்த ஒழுங்கு. கைப்பேசிக் களத்தில் முன்னது செழித்திருக்கிறது, பின்னது அழிந்துகொண்டிருக்கிறது. இவ்வுரையில் நாம் சொல்ல வந்த தலையாய செய்தி இதுவே.

அக்களத்தில் ஒலிவாங்கி உண்டு. முகம் தெரியாத ஒருவனோடு, பெயரும் ஊரும் வயதும் அறியாமல் பேசலாம். எதிரில் முகம் இல்லாதபோது நாவுக்குக் கடிவாளம் இல்லை. தோற்றவனின் தாயையும் சகோதரியையும் இழுத்து ஏசுவது அங்கே சினத்தின் அடையாளமாகக்கூட இல்லை, வெறும் வாய்ப்பழக்கமாகிவிட்டது. பெண் குரல் ஒன்று கேட்டுவிட்டாலோ, ஆட்டத்தை மறந்து ஆபாசம் பேசுவோர் உண்டு. அதனால் பல பெண்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டே ஆடுகின்றனர். இவ்வாறு பேசுவோரைக் குறிக்க அக்களத்தாரே 'டாக்சிக்', அதாவது நச்சு என்றொரு சொல் வைத்திருக்கின்றனர். நச்சென்று தெரிந்தும், அதுவே சிலருக்குப் பட்டப்பெயராகவும் பெருமையாகவும் ஆனது.

இதன் விளைவைத் தமிழகம் 2021இல் கண்டது. 'பப்ஜி மதன்' என்று அறியப்பட்ட சேலத்தைச் சேர்ந்த யூடியூபர் ஒருவர், நாட்டில் தடை செய்யப்பட்டிருந்த அந்த ஆட்டத்தையே ஆடிக்கொண்டு, பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசி ஒளிபரப்பி வந்ததாகப் புகார்கள் குவிந்தன. அவ்வாண்டு ஜூன் மாதம் தருமபுரியில் அவர் கைது செய்யப்பட்டார். சட்டம் தன் வேலையைச் செய்தது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஒளிபரப்புகளைக் கேட்டவர்கள் பல லட்சம் பேர். அவர்களில் பள்ளிச் சிறுவர்கள் பெருமளவில் இருந்தனர். கேட்டவர்கள் எங்கோ இல்லை. சேலம், ஈரோடு, கோவை என நம் கொங்கு மண்ணின் வீடுகளில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அடுத்த அறையில் அத்தாவும் அம்மாவும் அமர்ந்திருக்கும்போதே கேட்டுக்கொண்டிருந்தனர். பிள்ளை அமைதியாக இருக்கிறான் என்று அந்தப் பெற்றோர் நிம்மதி அடைந்திருக்கவும் கூடும்.

அதே களத்தில் நாவை நல்ல விதமாகப் பயன்படுத்திய நிகழ்வும் உண்டு. 2020 ஜூன் மாதம் பப்ஜியில் புதிதாக ஒரு காட்டுப் பகுதியை அறிமுகப்படுத்தினர். அங்கிருந்த குலச்சின்னச் சிலைகளின் முன் ஆட்டக்காரனின் உருவம் மண்டியிட்டால் ஆற்றல் கிடைக்கும் என்று அமைத்திருந்தனர். அரபு நாடுகளிலும் பிற இடங்களிலும் இருந்த முஸ்லிம் ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தனர். நிறுவனம் வருத்தம் தெரிவித்து அக்காட்சியை நீக்கியது. இது தமக்குத் தகாது என்று இளைஞர்கள் எடுத்துச் சொன்னால், அவ்வளவு பெரிய நிறுவனமும் செவிசாய்க்கிறது. சிலைக்காக எழுந்த அந்த நாணம், முகம் தெரியாத ஒரு பெண்ணை ஒருவன் ஏசும்போதும் எழ வேண்டாமா? மாணவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பணமும் உறக்கமும்

இன்னும் இரண்டைச் சுருக்கமாகக் கூறுவோம். ஆட்டம் இலவசம்; அலங்காரம் இலவசமன்று. ஆட்டக்காரனின் உடை, துப்பாக்கியின் வண்ணம் முதலியவை 'ஸ்கின்' எனப்படும். அவற்றைப் பெறப் பப்ஜியில் 'யூசி', ஃப்ரீ ஃபயரில் 'டயமண்ட்' என்ற ஆட்டக் காசை உண்மைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். சில பொருள்கள் 'க்ரேட்' எனும் பெட்டிக்குள் இருக்கும். காசு கொடுத்துத் திறந்தாலும் விரும்பியது வரும் என்ற உறுதி இல்லை. இவ்வகைப் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டமே என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் முடிவு கூறியது. 'சிக்கன் டின்னர்' என்ற வெற்றி முழக்கமும் அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் புழங்கியதே. 2020 ஜூலையில், பஞ்சாப் மாநிலம் கரர் ஊரில் 17 வயதுச் சிறுவன் ஒருவன், படிப்பதாகச் சொல்லிப் பெற்றோரின் வங்கிக் கணக்குகளிலிருந்து 16 லட்சம் ரூபாயை இவ்வாறு செலவிட்ட செய்தி நாடெங்கும் வெளியானது.

உறக்கத்தைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனம் ஆட்ட அடிமைநிலையை ஒரு நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. அவ்வகைப்பாடு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று அடையாளங்களை அது கூறுகிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை. மற்ற எல்லாப் பணிகளுக்கும் மேலாக ஆட்டம் முந்துதல். தீங்கு நேர்ந்தும் விடாமல் தொடர்தல். இவை பெரும்பாலும் ஓராண்டளவு நீடித்தால்தான் நோய் எனக் கொள்ளப்படும். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டம் ஆடுகிறவனை நோயாளி என்று ஏசுவதும் தவறு. ஃபஜ்ருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் உறங்கப் போகிறவனைச் 'சின்னப் பையன், சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவதும் தவறு.

செய்ய வேண்டியவை

பெற்றோருக்கு நாம் முன்வைப்பவை ஐந்து.

முதலாவது, நிமிடக் கணக்கில் அனுமதி தராதீர்கள். ஆட்டக் கணக்கில் தாருங்கள். இவ்வாட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க இயலாது. பாதியில் எழுந்தால் உடன் ஆடும் மூவரைக் கைவிட்டதாகும். "இதோ, ஒரு நிமிஷம்மா" என்று பிள்ளை சொல்வது பெரும்பாலும் சாக்கன்று. "இரண்டு ஆட்டம், பிறகு சாப்பாடு" என்று தொடங்கும் முன்பே பேசி முடித்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இரண்டாவது, ஆட்டம் கூடத்தில் நடக்கட்டும். காதுக் கருவி வேண்டாம். என்ன பேசுகிறான், என்ன கேட்கிறான் என்பது வீட்டார் செவியில் விழட்டும். அம்மா கேட்கிறார் என்ற ஒன்றே நாவுக்குப் போதிய கடிவாளம்.

மூன்றாவது, பணம் செலுத்தும் செயலியின் இரகசிய எண் பிள்ளைகளுக்குத் தெரியலாகாது.

நான்காவது, பதிவு செய்யும்போது பிறந்த ஆண்டு மெய்யாக இருக்கட்டும். பி.ஜி.எம்.ஐ.யில் 18 வயதுக்குக் குறைந்தவர்க்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்று வரம்பு வைத்துள்ளனர். ஆண்டை மாற்றிப் பதிந்தால் அவ்வரம்பு பயனற்றுப் போகும். மூன்று மணி என்பதே நம் பிள்ளைகளுக்கு மிகுதி என்பது வேறு.

ஐந்தாவது, வாரத்தில் ஒருநாள் பிள்ளையின் அருகில் அமர்ந்து ஓர் ஆட்டத்தை முழுமையாகப் பாருங்கள். இடையில் உபதேசம் வேண்டாம். "இவன் ஏன் பதுங்குகிறான், இந்த வட்டம் என்ன" என்று கேளுங்கள். பிள்ளை உங்களுக்கு ஆசிரியனாகிப் பாடம் சொல்வான். அதன்பின் நீங்கள் சொல்வதையும் அவன் கேட்பான்.

கட்டுக்கடங்காத நிலையில் உள்ள பிள்ளைகளுக்காக 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். பணத்தை இழந்தோர் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். நாணி மறைப்பதால் இழப்பு கூடுமே தவிர, குறையாது.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வோம். உங்கள் குழூஉக்குறியை நாங்கள் கேட்கவில்லை; அது உங்களிடமே இருக்கட்டும். நூப், ரஷ், க்ளட்ச் என்று பேசி மகிழுங்கள். அணியில் ஒருவன் நச்சைக் கொட்டினால், "அப்படிப் பேசாதே ப்ரோ" என்று முதலில் சொல்பவனாக இருங்கள். கேளாவிட்டால் அவன் குரலை அடைத்துவிடுங்கள். அதற்கும் அந்த ஆட்டத்திலேயே வழி உண்டு. நால்வரில் ஒருவன் மறுத்தாலே மற்ற மூவரின் நாவும் தயங்கும். நச்சுப் பேச்சில் வளர்ந்த நாவு, நாளை தன் தங்கையிடமும் மனைவியிடமும் அதே பழக்கத்தில்தான் பேசும்.

நரசீபுரம் பக்கம் தோட்டக் காவலுக்குச் செல்வோர் இரவெல்லாம் பரணில் விழித்திருப்பர். யானை வருகிறதா என்று ஒருவர் பார்ப்பார். மற்றவர் சற்றுக் கண்ணயர்வார். ஓசை கேட்டால் எழுப்பிவிடுவார். உறங்கியவரை அதற்காக யாரும் பழிப்பதில்லை. எழுப்ப ஆள் இருந்ததா என்பதே கேள்வி. நம் ஜமாஅத்தில் எந்தப் பிள்ளை விழுந்தாலும் எழுப்பிவிட வீட்டில் ஒருவர், தெருவில் ஒருவர், பள்ளிவாசலில் ஒருவர் இருக்கட்டும். அந்தப் பணிக்கு முன்வரும் பெரியவர்களும் இளைஞர்களும் இச்சந்திப்பு முடிந்ததும் நிர்வாகத்தாரிடம் தங்கள் பெயரைத் தந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.